பேசித்தான் பார்ப்போமே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மாற்றுக் கட்சிக்காரரோடு அரசியல் பேசினால் உறவு வளருமா, கெடுமா?' கெடும் என்று எதிரணி அம்மையார் ஒரே போடாகப் போட்டார். கல்யாணப் பந்தியில் மச்சான் கட்சிப் பேச்சை எடுத்தாராம். பாயசம் வருவதற்குள் சம்பந்தி எழுந்து போய்விட்டாராம். நல்ல கைதட்டல், நானும் தட்டினேன். ஆனால் அம்மா, சம்பந்தி எழுந்தது கட்சியைப் பேசியதற்கா, "உங்க ஆளுங்களுக்குச் சூடு சொரணை இருக்கா" என்று கேட்டதற்கா?

பெரியாரையும் ராஜாஜியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டில் ஒருவர், சேலத்தில் ஒருவர் நகராட்சித் தலைவராக இருந்த காலத்துப் பழக்கம். அப்புறம் கடவுள், சாதி, மொழி எதிலும் ஒத்துப்போகவில்லை. 1938-ல் இந்தித் திணிப்பை எதிர்த்த பெரியாரைச் சிறையில் போட்டது ராஜாஜி அரசு. 1953-ல் பள்ளிப் படிப்பைக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது ராஜாஜியின் திட்டம். 'குலக்கல்வி' என்று அதை எதிர்த்து ஊர் ஊராக முழங்கினார் பெரியார். மறுவருஷமே ராஜாஜி பதவி விலகினார். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை, பாருங்கள்.

இந்த இரண்டு சண்டைக்கும் நடுவில்தான் 1949 வருகிறது. மணியம்மையாரைத் திருமணம் செய்வதற்கு முன்னால், திருவண்ணாமலைக்கு வந்திருந்த ராஜாஜியைப் போய்ச் சந்தித்தார் பெரியார். ராஜாஜி அப்போது கவர்னர் ஜெனரல். தன்னைச் சிறைக்கு அனுப்பியவரிடம் போய்ச் சொந்த விஷயம் பேசுகிறார்! என்ன பேசினீர்கள் என்று இயக்கத்துக்காரர்களே குடைந்தார்கள். சொந்த விஷயம் என்று முடித்துக்கொண்டார். திட்டத்தை மேடையில் கிழிப்பது வேறு, நம்பிப் பேசியதைத் தெருவில் போடுவது வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த வித்தியாசம்தான் மரியாதை. வாயை மூடிக்கொள்வது இல்லை.

"அவர்கள் தலைவர்கள், நம்ம மாமாவுக்கு இதெல்லாம் வருமா?" என்பீர்கள். சரி, மாமாவிடமே வருவோம். "அந்தக் கட்சி ஏன் உங்களுக்குப் பிடிச்சது?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு கிடைத்ததால்தான் அஞ்சாவது வரை படித்தேன் என்பார். அதை வைத்து அவரோடு வாதாடலாம், மறுக்கலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "காசுக்கு விலைபோனவர்" என்று போட்டுவிட்டால் எதை வைத்து வாதாடுவது?

எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: அந்தக் கேள்வியை உங்கள் வீட்டு மாமாவிடம் யாராவது, எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா?