லக்ஸபானவில் புறப்பட்ட இலத்திரன் எப்போது வீடு வந்து சேரும்?

சரி, அடுத்த கேள்வி. தெமட்டகொடையிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்: "சேர், போன வீடியோவில் வயருக்குள்ள இலத்திரன் நத்தையை விட மெதுவாகத்தான் நகரும் என்று சொன்னீங்கள். எங்கட அப்பா வயரிங் வேலை செய்கிறவர். அவரிடம் சொன்னேன், சிரிக்கிறார். 'சுவிட்சைப் போட்ட உடனே பல்ப் எரியுது. கரண்ட் லக்ஸபானவில இருந்து ஓடி வருது. உங்கட சேர் வயரைக் கையால தொட்டதில்லைப் போல' என்கிறார். யார் சொல்றது சரி?"

லக்ஸபான என்றால் மலைநாட்டில் நீர்மின் நிலையம் இருக்கிற இடம். அப்பா சொன்ன கடைசி விஷயம் பெரும்பாலும் உண்மைதான், நான் கரும்பலகையில் வயர் கீறுகிற ஆள். மற்றதில் அவர் பாதி சரி, நான் பாதி சரி. எந்தப் பாதி யாருடையது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு குழாய். நான் இருப்பது வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு. தண்ணீர் வெட்டு முடிந்து குழாயைத் திறந்தால் என்ன நடக்கும்? முதலில் காற்று, பிறகு இரண்டு மூன்று இருமல், அப்புறம் துரு நிறத்தில் கொஞ்சத் தண்ணீர், கடைசியில்தான் சரியாக வரும். ஏன்? குழாய் வெறுமையாக இருந்தது, தண்ணீர் எங்கிருந்தோ ஓடி வந்து அதை நிரப்ப வேண்டியிருந்தது. இப்போது 2022 மார்ச் கடைசியை நினைத்துப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. பதின்மூன்று மணித்தியாலம் கழித்து வெளிச்சம் வந்தபோது பல்ப் இருமியதா? இல்லை. சட்டென்று எரிந்தது. வயர் ஒருநாளும் வெறுமையாவதில்லை என்பதுதான் காரணம். கரண்ட் இல்லாத வயருக்குள்ளும் இலத்திரன் அதே அளவுதான் இருக்கிறது. அவை செம்புக்குச் சொந்தமானவை. மின்சார சபை அனுப்பியவை அல்ல. முதலாம் குறுக்குத் தெருவில் வயர் சுருளை வாங்கினீர்களே, அன்றைக்கே இலத்திரனுக்கும் காசு கொடுத்துவிட்டீர்கள்.

எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். சூத்திரம் வேண்டாம். இதோ, கையில் வைத்திருக்கிறேன், தெரிகிறதா? ஒரு மீற்றர் செம்பு வயர், குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீற்றர். இதற்குள் சுதந்திரமாகத் திரியும் இலத்திரன்களின் மின்னேற்றத்தை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 13,600 கூலோம் வரும். மின்னேற்றத்தை அளக்கும் அலகுதான் கூலோம். ஒரு அம்பியர் என்றால் செக்கனுக்கு ஒரு கூலோம். ஆக, ஒரு அம்பியர் ஓடும்போது இந்த ஒரு மீற்றரில் இருக்கிற அத்தனை இலத்திரனும் வெளியே போய் முடிய 13,600 செக்கன் வேண்டும். மூன்றே முக்கால் மணித்தியாலம்! மணிக்கு 26 சென்ரிமீற்றர், அவ்வளவுதான் வேகம். பாடப் புத்தகம் நகர்வு வேகம் என்று சொல்வது இதைத்தான். 9 வாட் எல்இடி பல்ப் இன்னும் பரிதாபம். அது எடுப்பதே 0.04 அம்பியர் அளவுதான், இலத்திரன் மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் நகரும். கூட்டத்தோடு நகர்வதுதான் இப்படி மெதுவே தவிர, தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு இலத்திரனும் செக்கனுக்கு 1,600 கிலோமீற்றர் வேகத்தில் கண்டபடி பாய்ந்துகொண்டிருக்கிறது. மாலையில் தலைக்கு மேலே சுற்றும் கொசுக் கூட்டம் மாதிரி. கொசு வேகமாகத்தான் பறக்கிறது, ஆனால் கூட்டம் காற்றோடு மெல்ல மெல்லத்தான் அசைகிறது.

இதுவரை சொன்னது மின்கலத்தில் ஒரே திசையில் ஓடும் நேரோட்டத்துக்கு. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேட்ஸ் ஆடலோட்டம். செக்கனுக்கு நூறு தடவை திசை மாறும். மணிக்கு 26 சென்ரிமீற்றர் போகிற ஒன்றை நூறில் ஒரு செக்கனுக்கு ஒருமுறை திருப்பிவிட்டால் அது எங்கே போகும்? எங்கும் போகாது. நின்ற இடத்திலேயே ஆடும். 2,000 வாட் கேத்தலை மாட்டினால் 8.7 அம்பியர், அதுதான் வீட்டில் பெரிய லோட். அப்போதுகூட அந்த ஆட்டம் ஒரு தலைமுடியின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

அப்பா இதற்கும் சிரிப்பார். அதனால் அவருக்குத் தெரிந்த ஒரு பொருளையே எடுக்கிறேன்: வீதியில் தூணில் நிற்கும் ட்ரான்ஸ்போமர். அதற்குள் இரண்டு சுருள். உயர் அழுத்த லைன் ஒரு சுருளில் வந்து முடிகிறது. நம் வீட்டு லைன் மற்றச் சுருளில் தொடங்குகிறது. இந்தச் சுருளிலிருந்து அந்தச் சுருளுக்குச் செம்பு இணைப்பு உண்டா? கிடையாது. நடுவில் இரும்புக் கருவும் எண்ணெயும் கடதாசியும்தான். லக்ஸபானவில் ஓர் இலத்திரன் மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டாலும் அந்தத் தூணில் வழி முடிந்துவிடும். ஆனால் கேத்தல் கொதிக்கிறது. ஆக, வருவது இலத்திரன் இல்லை, வேறு ஏதோ ஒன்று. "வருகிறது" என்பதில் அப்பா சரி. "கரண்ட் ஓடி வருகிறது" என்பதில்தான் தகராறு.

வருவது சக்தி. அது எப்படி வருகிறது? தேர் வடம் இழுத்தவர்களுக்கு இதில் பாதி புரியும். முன்னால் ஆட்கள் வடத்தை இறுக்கிப் பிடித்த கணத்தில் பின்னால் தேர் குலுங்கும். முன்னால் இருந்த கயிறு தேருக்குப் போய்ச் சேர வேண்டியதில்லை, இழுவை போனால் போதும். வயரிலும் சுவிட்சைப் போட்டதும் ஓடுவது அந்த மாதிரியான தள்ளுதல்தான். பிவிசி சுற்றிய வீட்டு வயரில் அதன் வேகம் ஒளியின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருக்கும். சுவிட்சிலிருந்து பல்புக்குப் பத்து மீற்றர் என்றால் ஒரு செக்கனை இரண்டு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு நேரம். லக்ஸபான இங்கிருந்து நேர்கோட்டில் எழுபது எண்பது கிலோமீற்றர். அங்கே ஏற்படும் ஒரு மாற்றம் இங்கே தெரிய ஒரு மில்லி செக்கன்கூட எடுக்காது. அங்கே 1950 இல் மின் நிலையம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருப்பது இந்தத் தள்ளுதலும் அதோடு சேர்ந்த சக்தியும்தான்.

பிறகு ஆடலோட்டம் முன்னும் பின்னும் போகிறதே, சக்தியும் முன்னும் பின்னும் போய் வீணாகாதா? மர ஆலையில் இரண்டு பேர் பிடித்து இழுக்கும் வாளைப் பாருங்கள். வாள் எங்கும் போவதில்லை, ஆடிக்கொண்டே இருக்கிறது. மரம் அறுபடுகிறது.

ஆனால் வடமும் வாளும் ஓர் இடத்தில் நம்மை ஏமாற்றும். அவற்றில் இழுவை கயிற்றுக்குள்ளேயே, இரும்புக்குள்ளேயே போகிறது. மின்சாரத்தில் அப்படி இல்லை. சக்தி போவது செம்புக்குள்ளே அல்ல, வயரைச் சுற்றி இருக்கும் வெளியில். இதைச் சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இதற்கு அத்தாட்சி அப்பாவின் கருவிப் பையிலேயே இருக்கிறது, தங்கச்சி. இரண்டு சாமான்.

ஒன்று, தொடாமல் பார்க்கும் டெஸ்டர், வயருக்குப் பக்கத்தில் கொண்டு போனாலே கீச்சென்று கத்துமே, அது. பிவிசி உறைக்கு வெளியே வைத்துத்தான் பார்க்கிறோம், செம்பில் படவே இல்லை. அப்போ எதை உணர்கிறது? வயருக்கு வெளியே பரவியிருக்கும் மின்புலத்தை. கேத்தல் ஓடாவிட்டாலும் லைனில் அழுத்தம் இருந்தால் கத்தும்.

மற்றது கிளாம்ப் மீற்றர். வாயைத் திறந்து வயரைக் கவ்வும், அம்பியரைக் காட்டும். அதுவும் செம்பைத் தொடுவதில்லை. வயரைச் சுற்றி வளையமாக இருக்கும் காந்தப்புலத்தை அளக்கிறது. மின்னோட்டத்தைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு என்று 1820 இல் டென்மார்க்கில் ஏர்ஸ்டெட் திசைகாட்டி முள்ளை வைத்துக் கண்டாரே, அதே விஷயம்தான். கேத்தலை நிறுத்தினால் கிளாம்ப் மீற்றர் பூச்சியம் காட்டும், டெஸ்டர் கத்திக்கொண்டே இருக்கும். இன்னொரு வேடிக்கை: லைன், நியூட்ரல் என்ற இரண்டு கம்பியையும் சேர்த்துக் கவ்வினாலும் பூச்சியம்தான். போகிற அளவு திரும்பி வருவதால் இரண்டு காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். உங்கள் வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்வதும் இதை வைத்துத்தான். போனதற்கும் வந்ததற்கும் வித்தியாசம் வந்தால், யாரோ ஒருவருடைய உடம்பு வழியாகக் கரண்ட் நிலத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு விழுந்துவிடும்.

இப்போது இரண்டையும் சேர்ப்போம். டெஸ்டர் காட்டும் மின்புலம் ஒன்று, கிளாம்ப் மீற்றர் காட்டும் காந்தப்புலம் ஒன்று. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் மட்டும் அங்கே சக்தி ஓடும். ஓடுகிற திசை இரண்டுக்கும் செங்குத்து. 1884 இல் ஜோன் ஹென்றி பொயின்ரிங் என்ற ஆங்கிலேயர் இதைக் கணக்காக எழுதினார். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலுள்ள வெளியில் அந்தக் கணக்கைப் போட்டால் விடை நேராகக் கேத்தலின் பக்கம் கை காட்டும். ஆடலோட்டத்தில் இரண்டு புலமும் திசை மாறும், ஆனால் சேர்ந்தே மாறும். மறையை மறையால் பெருக்கினால் நேர்தானே. அதனால் திசை எப்போதும் கேத்தலை நோக்கியே இருக்கும். வாள் எந்தப் பக்கம் போனாலும் மரம்தான் அறுபடுகிறது என்று சொன்னதன் உட்பொருள் இதுதான்.

இதைக் கேட்டுவிட்டுச் சிலர் "அப்போ வயர் எதற்கு, சும்மா அலங்காரமா?" என்று துள்ளுவார்கள். அந்தத் துள்ளல் எனக்குப் பிடிப்பதில்லை. வயர் இல்லாவிட்டால் அந்தப் புலங்கள் இந்த வடிவத்தில் அங்கே இருக்கவே மாட்டா. வயரின் மேற்பரப்பில் படிந்திருக்கும் துளி ஏற்றங்கள்தான் மின்புலத்தைப் பிடித்து வழிநடத்துகின்றன. எவ்வளவு துளி தெரியுமா? செம்பு வயரைத் தொண்ணூறு பாகை மடக்கி ஒரு அம்பியரை அந்த மூலையில் திருப்ப வேண்டுமென்றால் அங்கே சேர வேண்டிய ஏற்றம், கணக்குப்படி, ஏறத்தாழ ஒரே ஓர் இலத்திரனுடையது! முதல் தடவை இதைக் கணக்குப் போட்டபோது பிழைவிட்டேன் என்று நினைத்து மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன்.

செம்புக்கு உள்ளே போகிற சக்தியும் கொஞ்சம் இருக்கிறது. பக்கவாட்டில் நுழைந்து அங்கேயே சூடாகிறது. அதுதான் நட்டம். இதில் நானே சுட்டுக்கொண்டேன். பத்து மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயர், தேவைப்பட்டது இரண்டு மீற்றர்தான். மிச்சத்தை அவிழ்க்காமல் சுருட்டியபடியே கட்டி வைத்துவிட்டுக் கேத்தலைப் போட்டேன், பிறகு அதிலேயே அயன் பொக்ஸையும் மாட்டினேன். அரை மணித்தியாலத்தில் பிளாஸ்டிக் தீய்ந்த மணம். சுருளைப் பிடித்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கணக்குப் போட்டால் அதிசயமில்லை. 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 8.7 அம்பியர் ஓடினால், போகவும் வரவும் இரண்டு கம்பி சேர்த்து மீற்றருக்கு இரண்டரை வாட் சூடு. பத்து மீற்றருக்கு 25 வாட். நீட்டி விரித்திருந்தால் அது காற்றோடு போயிருக்கும், கைக்குத் தெரிந்தே இருக்காது. ஒரு கைப்பிடிக்குள் சுருட்டி வைத்தால் எங்கே போகும்? அதற்கு மேல் அயன் பொக்ஸ் வேறு. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, அங்கேதான் கோட்டை விட்டேன். சுருட்டினதால் கரண்ட் தடைப்பட்டு நின்றுவிட்டது என்று பக்கத்து வீட்டு அண்ணா விளக்கம் சொன்னார். அப்படி இல்லை. வளைவுக்கு ஓர் இலத்திரன் போதும் என்று இப்போதுதானே பார்த்தோம். சூடு வெளியே போக வழியில்லாததுதான் பிரச்சினை.

ஆகவே தங்கச்சி, மாதக் கடைசியில் வரும் பில்லில் இருக்கிற யூனிட், வீட்டுக்குள் வந்த சக்தியின் அளவு. வீட்டு வயருக்குள் இருக்கிற இலத்திரன் அப்பா வயர் இழுத்த அன்றைக்கு அங்கே இருந்தவைதான், இன்றைக்கும் அதே சுவருக்குள் ஆடிக்கொண்டிருக்கின்றன. லக்ஸபானவிலிருந்து ஒன்று வருகிறது என்று அப்பா சொன்னது சரி, அது இலத்திரன் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லையே! இதை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். கிளாம்ப் மீற்றரால் இரண்டு வயரையும் சேர்த்துக் கவ்விப் பார்க்கச் சொல்லுங்கள், லைனையும் நியூட்ரலையும் பிரித்து எடுப்பது அவர் வேலை, நீங்கள் கை வைக்க வேண்டாம். என் எக்ஸ்டென்ஷன் வயர் கதையை மட்டும் சொல்லாதீர்கள், மறுபடியும் சிரிப்பார்.

அடுத்தது ஏர்த் கம்பியைப் பற்றிய கேள்வி, வத்தளையிலிருந்து.