ராஜாவின் கால் சைன் ஏன் இவ்வளவு சின்னது? ஹாம் ரேடியோ பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும் கதை!

(திரையில்: ஜேஒய்1)

இது கடவுச்சொல் இல்லை, பஸ் ரூட் நம்பரும் இல்லை. ஒரு மனிதருடைய ரேடியோ பெயர், அதாவது கால் சைன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, வீட்டு மூலையில் இருக்கும் ஹாம் ரேடியோவில் "யாராவது கேட்கிறீர்களா?" என்று கூப்பிட்ட எத்தனையோ சாதாரண ஆட்களுக்கு இந்தப் பெயரிலிருந்து பதில் வந்திருக்கிறது. பேசியவர் தன்னை ஹுசைன் என்று சொல்லிக்கொள்வார். பட்டம் எதுவும் சொல்ல மாட்டார். ஆள் யாரென்றால், ஜோர்டான் நாட்டின் அப்போதைய மன்னர்!

வணக்கம் மக்களே. ஹாம் ரேடியோ லைசென்ஸ், கால் சைன், இரண்டையும் இன்று பார்த்துவிடலாம். பின்னணி ஒரே வரியில்: வியாபாரத்துக்கு இல்லாமல், ஆர்வத்துக்காக, அரசிடம் லைசென்ஸ் வாங்கி ரேடியோவில் பேசுபவர்கள்தான் ஹாம்கள். அவ்வளவுதான், மேலே போகலாம்.

நம் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஹாம்தான். அவருடைய கால் சைன் வியூ2ஆர்ஜி. இதை வண்டி நம்பர் மாதிரி பிரித்துப் படியுங்கள். டிஎன் 72 என்று பார்த்ததும் "திருநெல்வேலி வண்டி" என்கிறோம் இல்லையா? அதே மாதிரி 'வியூ' என்றால் இந்தியா. கடைசியில் வரும் 'ஆர்ஜி' அந்த ஆளுக்கு மட்டும் உரியது. இப்போது ஜேஒய்1-ஐப் பாருங்கள். 'ஜேஒய்' ஜோர்டான், அப்புறம் ஒரு 1, அதோடு சரி. ஆளைக் குறிக்கும் எழுத்தே கிடையாது! நாட்டின் பெயரும் ஒன்றாம் நம்பரும் போதும், யாரென்று தெரிந்துவிடும். எங்கள் தெருவிலும் ஒருவர் வண்டிக்கு ஃபேன்சி நம்பர் வாங்கி மாலை போட்டுக் கொண்டாடினார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

சரி, நடுவில் இருக்கும் 2 எதற்கு? இந்தியாவில் அது பெரும்பாலும் ஊரைச் சொல்லாது, லைசென்ஸ் கிரேடைச் சொல்லும். வியூ3 என்றால் பெரும்பாலும் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, வியூ2 என்றால் ஜெனரல் கிரேடு. 12 வயது ஆனால் பரீட்சை எழுதலாம். கொஞ்சம் மின்னணுவியல், கொஞ்சம் சட்டதிட்டம். ஜெனரலுக்கு இவற்றோடு மோர்ஸ் தந்தியும் உண்டு, நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில். நெடுந்தூரம் போகும் சிற்றலைகளில் அனுப்பும் சக்தி ரெஸ்ட்ரிக்டட் ஆட்களுக்கு 50 வாட் வரை, ஜெனரலுக்கு 400 வாட் வரை என்று வைத்திருக்கிறார்கள். ஐம்பதா என்று முகம் சுளிக்காதீர்கள். வீட்டில் சுற்றும் பழைய சீலிங் ஃபேன் 75 வாட் தின்கிறது. அதைவிடக் குறைந்த சக்தியில், வானம் ஒத்துழைத்தால், கண்டம் தாண்டிப் பேசலாம். விண்ணப்பிக்கப் போகிறவர்கள் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் நடப்பு விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அந்த எண் வட்டாரத்தைக் காட்டும். 6 என்றால் கலிஃபோர்னியா. கிரேடு ஏற ஏற, குட்டிக் கால் சைன் கேட்டு வாங்கும் உரிமையும் வரும். ஃபேன்சி நம்பர் மோகம் அங்கேயும் இருக்கிறது!

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். வீடியோவை ஓட்டிவிடாதீர்கள்.

(திரையில்: விமானத்தின் வால் பகுதி)

அடுத்த முறை மீனம்பாக்கத்தில் இந்திய விமானம் ஏறும்போது அதன் உடம்பைப் பாருங்கள், 'விடி' என்று ஆரம்பிக்கும் எழுத்துகள் இருக்கும். விமானத்துக்கு விடி, ஹாமுக்கு வியூ. இரண்டும் ஒரே மூட்டையிலிருந்து எடுத்தவை. 'விடி'யிலிருந்து 'விடபிள்யூ' வரை சர்வதேச ஒப்பந்தப்படி இந்தியாவின் பங்கு. இந்த 'வி' எங்கிருந்து வந்தது? கனடா ஹாம் விஈ, ஆஸ்திரேலியா ஹாம் விகே, நாம் வியூ. பொதுவாக என்ன இருக்கிறது? ஆமாம், வெள்ளைக்காரன்! அந்த எழுத்தின் பெரும்பங்கு பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளுக்குப் போயிற்று. அவன் கப்பல் ஏறிவிட்டான், 'வி' மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் எல்லோரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. பழைய இலங்கை ஹாமின் கால் சைன் விஎஸ்7 என்று ஆரம்பிக்கும். சிங்கப்பூர் விஎஸ்1, மலாயா விஎஸ்2. சுதந்திரம் வந்த பிறகு எழுத்துகள் மாறின. இலங்கை இப்போது 4எஸ்7. சிங்கப்பூர் 9வி1. தீபகற்ப மலேசியா 9எம்2. கவனித்தீர்களா? 7, 1, 2! முன்னால் இருந்ததைத் தூக்கிப் போட்டார்கள், எண் மட்டும் பழையபடியே இருக்கிறது. கல்யாணமாகி இனிஷியல் மாறினாலும் செல்லப்பெயர் மாறாத மாதிரி. யாழ்ப்பாணத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் பார்க்கிறவர்கள், இது உங்கள் ஊர்க் கதை, கட்டாயம் கமெண்டில் வாருங்கள்.

நம் நாட்டுக்குள்ளேயே இடத்தைச் சொல்லும் இரண்டு அபூர்வ எண்கள் உண்டு: அந்தமான் வியூ4, லட்சத்தீவு வியூ7. அங்கிருந்து யாராவது பேசினால் உலக ஹாம்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி முண்டியடிப்பார்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்பவரின் குழு போர்ட் பிளேரில் இப்படித்தான் நிலையம் போட்டிருந்தது. 26-ம் தேதி ஆழிப்பேரலை வந்தது. விளையாட்டுக்கு என்று போன அந்த ரேடியோ, தீவுக்கும் வெளியுலகத்துக்கும் இடையே சேதி கடத்தும் வேலைக்கு மாறியது.

கடைசியாக ஒன்று. இரைச்சலில் 'பி'யா 'டி'யா என்று குழம்பாமல் இருக்க, நாம் போனில் "எம் ஃபார் மெட்ராஸ்" என்று கத்துகிறோமே, ஹாம்களும் அதைத்தான் செய்கிறார்கள். வியூ2ஆர்ஜி என்பது காற்றில் "விக்டர் யூனிஃபார்ம் டூ ரோமியோ கால்ஃப்" ஆகிவிடும். உங்கள் இனிஷியலை இப்படி எழுதிக் கீழே போடுங்கள், சிறந்ததை அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.

விடைபெறும்போது ஹாம்கள் '73' என்பார்கள். வாழ்த்துகள் என்று அர்த்தம். '88' என்றும் ஒன்று இருக்கிறது, அதற்கு அன்பும் முத்தங்களும் என்று பொருள். முதல் நாளே எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டு, முன்பின் தெரியாத மாமாவிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். 73, மக்களே!