ஆறு வயதுப் பிள்ளைக்கு அர்த்தமே இல்லாத 20 வார்த்தைகளில் பரீட்சை! எதற்கு?

[திரையில்: மூன்று கண்ணுள்ள ஒரு பச்சை ஜந்து. பக்கத்தில் ‘வாஸ்க்’ என்று ஆங்கில எழுத்தில்]

‘வாஸ்க்.’ அகராதியைப் புரட்டாதீர்கள், கிடைக்காது. ஆனால் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் இயர் ஒன் படிக்கிற பிள்ளைகள் ஜூன் மாதம் இப்படிப்பட்ட 20 பொய் வார்த்தைகளை டீச்சர் முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். விளையாட்டு இல்லை, சட்டப்படியான பரீட்சை.

வணக்கம் மக்களே! ஈஸ்டர் லீவு முடிந்ததும் பிள்ளையின் பையில் ஒரு தாள் வந்திருக்குமே, ‘இந்த டெர்மில் நாங்கள் படிக்கப் போவது’ என்று? லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் நம் ஆட்கள் பலர் அதை பிரிட்ஜில் ஒட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான். இன்றைக்கு அதைப் பிரித்து மேயலாம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பாடத்திட்டமே வேறு. அங்கே இருப்பவர்கள் சும்மா வேடிக்கை பாருங்கள்.

பின்னணி ஒரே மூச்சில்: 2014 முதல் நடப்பில் உள்ள தேசியப் பாடத்திட்டம், வருஷத்துக்கு மூன்று டெர்ம், ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கோடை டெர்ம். போதும்.

இப்போது வாஸ்க்குக்கு வருவோம். தாளில் ‘ஃபோனிக்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லாக இருக்கும். அதாவது, எழுத்துக்குரிய ஒலிகளைக் கூட்டி வாசிக்கிற முறை. 2012-இல் தொடங்கிய இந்தப் பரீட்சையில் மொத்தம் 40 வார்த்தைகள். 20 நிஜம், 20 பொய். பொய் வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு வினோத ஜந்துவின் படம் இருக்கும், ‘இது நிஜ வார்த்தை இல்லை’ என்று பிள்ளைக்குத் தெரிவதற்காக. வழக்கமாக 32 சரியாக இருந்தால் தேறியதாகக் கணக்கு. தேறாவிட்டால் இயர் டூவில் இன்னொரு முறை.

போன வருஷம் என் மகளுக்கு வீட்டில் பயிற்சி கொடுத்தேன். ‘ஸ்ட்ரோம்’ என்று ஒரு பொய் வார்த்தையை எழுதிக் காட்டினால், ‘ஸ்டோர்ம்’ (புயல்) என்று டக்கென்று வாசிக்கிறாள். புத்தகம் புத்தகமாக வாசிக்கிற பிள்ளை! அங்கேதான் சூட்சுமம். தெரிந்த வார்த்தை என்றால் மனசு எழுத்தைப் பார்ப்பதில்லை, ஊகித்துவிடுகிறது. பொய் வார்த்தையில் அந்த வித்தை செல்லாது. எழுத்தெழுத்தாக ஒலியைக் கூட்டித்தான் ஆக வேண்டும். நன்றாக வாசிக்கிற பிள்ளைகளையே இது குழப்புகிறது என்று இங்கே புலம்பும் ஆசிரியர்களும் உண்டு. எனக்கும் பாதி அவர்கள் பக்கம்தான் மனசு.

நாம் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. ‘ஏ, பி, சி’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறோம். ‘டபிள்யூ’ என்ற பெயருக்கும் ‘வாட்டர்’ என்ற சொல்லில் அது கொடுக்கும் ஒலிக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா? நம் ‘ம’வின் பெயர் என்ன? ‘ம’! பெயரே ஒலி. (‘ஆனா, ஆவன்னா’ என்று படித்த தாத்தாக்கள் சண்டைக்கு வராதீர்கள்.)

[திரையில், பெரிதாக: ஞொழுப்பம்]

இதை வாசியுங்கள். வாசித்துவிட்டீர்கள் இல்லையா? இப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது, நேற்று பஸ்ஸில் வரும்போது நான் இட்டுக்கட்டியது. தமிழ் தெரிந்த பிள்ளையிடம் இதைப் பரீட்சையாக வைத்தால் சிரித்துவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்திலோ 26 எழுத்து, சுமார் 44 ஒலி. ஓ-யு-ஜி-எச் என்ற அதே நான்கு எழுத்து, ‘தோ’வில் ‘ஓ’, ‘த்ரூ’வில் ‘ஊ’, ‘காஃப்’பில் ‘ஆஃப்’. இந்தக் கூத்துக்கு எங்கே போய் முறையிடுவது?

சரி, நாமும் முழு யோக்கியர்கள் இல்லை. ‘காகம்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ககரம் அழுத்தமாக வரும், அடுத்தது குழைந்துவிடும். எழுத்து என்னவோ ஒன்றுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நம் பிள்ளைகள் திணறுவது இங்கேதான்.

அப்புறம் கணக்கு. இயர் ஃபோர் பிள்ளைக்கு ஜூனில் வாய்ப்பாட்டுப் பரீட்சை, கம்ப்யூட்டரில். 25 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 6 விநாடி. தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் இல்லை, ஆகவே வீட்டில் பிரம்பை எடுக்க வேண்டாம். வாய்ப்பாடு 12 வரைதான். அது ஏன் 12? 1971 வரை இங்கே ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஓர் அடிக்கு இன்றும் 12 அங்குலம். நம் ஊர் வாய்ப்பாட்டுப் புத்தகம் 16 வரை போனதற்கு ரூபாய்க்கு 16 அணா என்ற பழைய கணக்குதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். காசு செல்லாமல் போய்விட்டது, மனப்பாடம் மட்டும் விடவில்லை!

அறிவியல் என்றால் சின்ன வகுப்புக்கு ஜன்னலோரம் ஈரப் பஞ்சில் அவரை விதை.

வரலாற்றில் சின்னவர்களுக்கு 1666-இல் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்து லண்டனையே எரித்த தீ. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுமேர், எகிப்து, சிந்துவெளி, சீனத்தின் ஷாங் வம்சம் ஆகிய நான்கு பழைய நாகரிகங்களில் ஒன்றைப் பள்ளி விரிவாக எடுக்கும். சிந்துவெளி பட்டியலில் இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பள்ளிகள் பெரும்பாலும் எகிப்து பக்கம் சாய்கின்றன. மம்மியோடு மொகஞ்சதாரோ செங்கல் எப்படிப் போட்டி போடும்? ஆனாலும் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

தொடக்கப் பள்ளி முடிவதற்குள் 25 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும், அதுவும் பாடத்திட்டத்தில் உண்டு. கடைசியில் விளையாட்டு விழா. அங்கே கரண்டியில் எலுமிச்சம்பழம் கிடையாது, முட்டை. பச்சை முட்டையா அவித்த முட்டையா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், சீருடை துவைக்கப் போவது நீங்கள்தான்.

கமெண்டில் ஆளுக்கொரு பொய் வார்த்தை எழுதுங்கள், தமிழோ ஆங்கிலமோ. அடுத்த வீடியோவில் என் மகள் எல்லாவற்றையும் வாசிப்பாள். ஞொழுப்பம் மட்டும் எனக்கு!