காற்றுக்கு அஞ்சாத குட்டை டூலிப்

வணக்கம். மார்ச் கடைசி வாரம், இங்கிலாந்தின் லீட்ஸில் இப்போது காலை 11 மணி. ஒலிவாங்கியில் காற்று இரைவது உங்களுக்கும் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பேச்சே இந்தக் காற்றிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த டூலிப் தொட்டியைக் காலை 8 மணிக்கும் படம் பிடித்திருந்தேன். அப்போது எல்லாப் பூவும் குவிந்து, சிவந்த கூம்புகளாக நின்றன. இப்போது பாருங்கள், வெயில் பட்டதும் ஆறு இதழ்களும் மல்லாந்து கிடக்கின்றன. உள்ளே மஞ்சள், நடுவில் சிவப்பு வளையம். அசல் அல்லிப் பூ! இங்குள்ளவர்களும் இதை வாட்டர்லில்லி டூலிப் என்றே சொல்கிறார்கள். சூடு ஏறினால் இதழின் உட்புறம் வேகமாக வளர்கிறது, பூ விரிகிறது. குளிர்ந்தால் வெளிப்புறம் வளர்ந்து மூடிக்கொள்கிறது. நான்கு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

வகையின் பெயர் ஸ்ட்ரேசா. உயரம் ஒரு சாண், அவ்வளவுதான். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் நீளத் தண்டு டூலிப் வைத்தேன். மே மாதக் காற்று ஒரே இரவில் பாதியை முறித்துப் போட்டது. காலையில் கதவைத் திறந்து பார்த்தபோது நெஞ்சு கனத்தது. அதற்குப் பிறகுதான் குட்டை வகைகளைத் தேடிப் போனேன்.

ஸ்ட்ரேசாவின் மூதாதை காவ்ஃப்மானியானா என்ற காட்டு டூலிப். மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைப்பகுதிதான் அதன் தாய்வீடு. துருக்கிஸ்தானின் ரஷ்ய ஆளுநராக இருந்த காவ்ஃப்மானின் பெயரை 1877இல் அதற்கு வைத்தார்கள். பனி உருகியதும் பூத்து, கோடை வந்ததும் கல்லும் மண்ணும் காய்கிற இடத்தில் கிழங்காக உறங்கிவிடும் செடி அது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

எனக்கு அது தாமதமாகத்தான் விளங்கியது. பூ முடிந்த தொட்டி சும்மா கிடக்கிறதே என்று அதன் மேலேயே பெட்டூனியாப் பூச்செடி வைத்து, கோடை முழுவதும் தினமும் தண்ணீர் ஊற்றினேன். அக்டோபரில் கிளறினால் அத்தனை கிழங்கும் கூழாகியிருந்தது. குளிரை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும், கோடை ஈரத்தைத் தாங்காது. இப்போதெல்லாம் ஜூனில் இலை பழுத்ததும் தொட்டியை மழை படாமல் கூரையோரம் நகர்த்திவிடுகிறேன்.

நடுவதற்கு நவம்பர். அதற்கு முன்னால் அவசரம் வேண்டாம். மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு நட்டால், இலையைக் கருக்கிவிடும் டூலிப் ஃபயர் என்ற பூஞ்சை நோய்க்கு வாய்ப்புக் குறைவு. ஓரடி அகலத் தொட்டிக்கு நான் 12 கிழங்கு வைப்பேன். ஒன்றையொன்று தொடக்கூடாது, மேலே கிழங்கின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு மண். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பொடிக்கல் கலந்துவிடுங்கள். அடியில் செங்கல் துண்டுகள் கொடுத்துத் தொட்டியைத் தூக்கி வைத்தால் தண்ணீர் தேங்காது. மேலே கம்பி வலை கட்டாயம். எங்கள் தெரு அணில்கள் இரண்டே நாளில் ஒரு தொட்டியைக் காலி செய்திருக்கின்றன! முளை தெரிந்ததும் வலையை எடுத்துவிடலாம்.

சரி, வேலியோரப் பாத்திக்கு வாருங்கள். இங்கே வைத்திருப்பது ரெட் ரைடிங் ஹூட். இதுவும் குட்டை டூலிப்தான், ஆனால் கிரேகி என்ற வேறு பிரிவு. பூ வர இன்னும் இரண்டு வாரம் ஆகும். ஆனால் இலையைப் பாருங்கள், ஊதாக் கோடு கோடாக, யாரோ தூரிகையால் இழுத்துவிட்டது போல. பூவே வராவிட்டாலும் இந்த இலைக்காக நடுவேன். பாத்தியின் முன்வரிசையில், நாள் முழுவதும் வெயில் விழுகிற இடத்தில் வையுங்கள். பின்னால் வைத்தால் கண்ணுக்கே தெரியாது.

பூ உதிர்ந்ததும் விதைக்காயைக் கிள்ளிவிடுங்கள், இலையைத் தொடாதீர்கள். அடுத்த வருடப் பூவுக்கான உணவை இலைதான் கிழங்குக்குள் சேர்க்கிறது. அது தானாக மஞ்சளாக ஆறு வாரம் பிடிக்கும். தக்காளிச் செடிக்கு ஊற்றும் திரவ உரத்தை அந்த நாட்களில் கொடுக்கிறேன். பார்க்க அழகாக இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மா போன வருடம் இலைகளை வெட்டிவிட்டார். இந்த வருடம் அவருக்கு வெறும் இலைதான் வந்திருக்கிறது. என்னிடமிருந்து ஒரு பிடி கிழங்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். இலை பழுத்துக் காய்ந்த பிறகு தோண்டி, காகிதப் பையில் போட்டுக் கொடுக்க வேண்டும்.