பெல்ட் சாண்டர்: தொடும் கணமும் விடும் கணமும்

[காட்சி: வேலை மேசை மேல் பிளக் கழற்றிய பெல்ட் சாண்டர் பக்கவாட்டில் படுத்திருக்கிறது. கேமரா அதன் அடிப்புறத்தை நெருங்குகிறது.]

வணக்கம். கையில் பிடித்து இயக்கும் பெல்ட் சாண்டரைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும், நெடுநாள் உழைக்கும்படி பராமரிப்பதும் எப்படி என்பதை இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம். மரத்தைத் தேய்க்கும் கைக்கருவிகளில் மிக வேகமாகப் பொருளை அகற்றுபவற்றில் இதுவும் ஒன்று. மேடுபள்ளமான பலகையைச் சமப்படுத்தவும், பழைய பெயிண்டை உரிக்கவும், ஒட்டிய பலகைகளின் இணைப்பை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரவும் இதற்கு இணையான கருவி குறைவு. அதே வேகம்தான் கவனக்குறைவைப் பொறுக்காமல் போவதற்கும் காரணம். வேலையின் நடுவே, கருவி சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிதாக எதுவும் கெட்டுப்போவதில்லை. பிளக்கைச் செருகும்போது, பட்டை மரத்தைத் தொடும்போது, மரத்திலிருந்து எடுக்கும்போது, கீழே வைக்கும்போதுதான் மரமும் பாழாகிறது, கையும் காயப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அந்தக் கணங்களிலேயே இன்று அதிக நேரம் செலவிடுவோம்.

[காட்சி: அடிப்புறம் அண்மையில். உருளைகள், அடித்தகடு, நெம்புகோல், குமிழ் ஆகியவை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டப்படுகின்றன.]

கருவியின் அமைப்பு எளிமையானது. இரண்டு முனையும் ஒட்டி வளையமாக்கப்பட்ட உப்புத்தாள் பட்டை ஒன்று, முன்னும் பின்னுமாக உள்ள இரண்டு உருளைகளைச் சுற்றி ஓடுகிறது. ரப்பர் உறை போட்ட பின் உருளையை மோட்டார் சுழற்றுகிறது. முன் உருளை தானாகச் சுழலும் ஒன்று, சுருள்வில்லின் விசையால் பட்டையை விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தட்டையான அடித்தகடு இருக்கிறது. பட்டையை மரத்தோடு சேர்த்து அழுத்துவது இதுதான். பரவலாகக் கிடைக்கும் பட்டைகள் 76 மி.மீ. அகலமும் 457 அல்லது 533 மி.மீ. சுற்றளவும் கொண்டவை, கனமான கருவிகளில் 100 மி.மீ. அகலமும் 610 மி.மீ. சுற்றளவும் உள்ளவை ஓடுகின்றன. பட்டையின் வேகம் நிமிடத்துக்கு 300 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொடியும் 5 மீட்டர் நீள உப்புத்தாள் மரத்தின் ஒரே இடத்தைக் கடந்து போகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். மரத்தைத் தொடும் அடிப்பக்கத்தில் பட்டை முன்னிருந்து பின்னாக, அதாவது உங்களை நோக்கி ஓடுகிறது. அதனால் கருவி முன்னோக்கிப் பாயப் பார்க்கும். பலகை இறுக்கமாகப் பிடிக்கப்படவில்லை என்றால், அது உங்கள் வயிற்றை நோக்கி வீசப்படும். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் பெல்ட் சாண்டரைத் தொடவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. கிளாம்ப் வழியில் குறுக்கிட்டால், பலகையின் பின்விளிம்பு முட்டி நிற்கும்படி, பலகையைவிடத் தடிமன் குறைந்த தடுப்புச் சட்டம் ஒன்றை மேசையில் திருகிவிடலாம். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாண்டரை ஓட்டுவது எந்த நிலையிலும் கூடாது.

[காட்சி: பிளக்கைக் கையில் வைத்தபடி, கைப்பிடியின் பக்கவாட்டில் உள்ள பூட்டுப் பொத்தானைச் சோதிக்கும் கை.]

முதல் கணம், பிளக்கைச் செருகுவது. பெரும்பாலான சாண்டர்களில் சுவிட்சை அழுத்திய நிலையிலேயே பூட்டி வைக்கும் சிறு பொத்தான் உண்டு. நீண்ட நேர வேலையில் விரலுக்கு ஓய்வு தருவதற்காக வைக்கப்பட்ட வசதி அது. ஆனால் வேலையின் நடுவே மின்சாரம் நின்று, பொத்தான் பூட்டிய நிலையிலேயே பிளக் கழற்றப்பட்டிருந்தால், மறுமுறை செருகும் கணத்தில் கருவி யாரும் தொடாமலே ஓடத் தொடங்கி, மேசையிலிருந்து குதித்து ஓடிவிடும். ஆகவே பிளக்கைச் செருகும் முன் சுவிட்சை ஒருமுறை அழுத்தி விட்டு, பூட்டு விடுபட்டிருப்பதை விரலால் உறுதி செய்யுங்கள். அதோடு கருவியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பட்டை எதையும் தொடாத நிலையில் மட்டுமே மின்சாரம் கொடுங்கள். மின்கம்பியைத் தோளின் மேல் போட்டுப் பின்புறமாக விடுவது நல்ல பழக்கம். பட்டையின் வழியில் கம்பி வந்தால் அதன் உறை நொடியில் தேய்ந்து செப்பு வெளியே தெரிந்துவிடும்.

உடையைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். தொங்கும் சட்டைக் கை, கழுத்துத் துணி, வளையல், கைக்கயிறு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கருவியின் அருகே வரக்கூடாது. தளர்ந்த கையுறையும் அப்படித்தான், உருளைக்கும் பட்டைக்கும் இடையே அகப்பட்டால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மறைப்புள்ள கண்ணாடி அணியுங்கள். ஓசை 85 டெசிபலைத் தாண்டும் சூழலில் நெடுநேரம் இருந்தால் செவித்திறன் குறையும், பெல்ட் சாண்டர் அந்த எல்லையை எளிதாகத் தாண்டும் என்பதால் செவிக்காப்பும் அவசியம்.

தூசியைப் பற்றி மட்டும் அப்படிச் சுருக்கிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்குக் குழியிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளிலும் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. கருவியோடு வரும் தூசிப்பை கண்ணுக்குத் தெரியும் தூளைப் பிடித்துக்கொண்டாலும், நுரையீரல்வரை போகக்கூடிய மிக நுண்ணிய தூளைப் பெருமளவு தப்பவிடுகிறது. முடிந்தால் தூசிப்பையைக் கழற்றிவிட்டு வேக்குவம் குழாயை இணைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் என்95 அல்லது எஃப்எஃப்பி2 தரமுள்ள முகக்கவசத்தை முகத்தோடு ஒட்டி அணியுங்கள். சாதாரணத் துணியைக் கட்டிக்கொள்வது இதற்கு ஈடாகாது. பழைய கட்டடங்களின் கதவு, சன்னல்களில் ஈயம் கலந்த பெயிண்ட் இருக்கக்கூடும். அந்தச் சந்தேகம் இருக்குமானால் சோதித்துப் பார்க்காமல் சாண்டரை அதன்மேல் வைக்க வேண்டாம், ஏனெனில் ஈயத்தூள் வேலை செய்பவரை மட்டுமல்லாமல் அந்த வீட்டில் தவழும் குழந்தையையும் பாதிக்கும்.

தீயும் இந்தத் தூசிப்பையிலிருந்தே தொடங்கலாம். எண்ணெய் சார்ந்த வார்னிஷ் பூச்சைத் தேய்த்த தூள் காற்றோடு வினைபுரிந்து தானாகவே சூடேறும் தன்மை கொண்டது. பையில் நெருக்கமாக அடைந்து கிடந்தால் சூடு வெளியேற வழியில்லாமல், சில மணி நேரம் கழித்துத் தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். மரத்தில் புதைந்த ஆணியின் தலையில் பட்டை உரசினால் எழும் தீப்பொறியும் நேராகப் பைக்குள் போய்ச் சேரும். எனவே தேய்க்கும் முன் ஆணிகளைப் பிடுங்குங்கள் அல்லது ஆழமாகத் தட்டி இறக்குங்கள். பை பாதி நிரம்பும்போதே காலி செய்யுங்கள். வேலை முடிந்ததும் தூளை மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் கொட்டிக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள். உலோகத்தைத் தேய்ப்பதாக இருந்தால், பையைக் கழற்றி, கருவிக்குள் தங்கியிருக்கும் மரத்தூளை முழுமையாக நீக்கிய பிறகே தொடங்க வேண்டும்.

[காட்சி: வெவ்வேறு கிரிட் பட்டைகள் வரிசையாக. பிறகு பலகையின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடும் கை.]

பட்டையைத் தேர்ந்தெடுப்பதில் கிரிட் எண், அதாவது பட்டையில் ஒட்டிய உரசும் துகளின் அளவைக் குறிக்கும் எண்தான் வழிகாட்டி. எண் கூடக்கூடத் துகள் சிறியதாகும். பி40 பட்டையில் துகளின் சராசரி அளவு சுமார் 425 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு), பி80-இல் சுமார் 200, பி120-இல் 125. பெயிண்ட் உரிப்பதற்கும் கரடுமுரடான பலகையைச் சமப்படுத்துவதற்கும் 40 அல்லது 60 போதும். பிறகு 80, அதன் பிறகு 120 என்று படிப்படியாகப் போக வேண்டும். 40-இலிருந்து நேராக 120-க்குத் தாவினால், முதல் பட்டை போட்ட ஆழமான கீறல்களை நுண்ணிய பட்டையால் அகற்ற முடியாது. பாலிஷ் போட்டதும் அவை அத்தனையும் பளிச்சென்று தெரியும். கழித்துச் செதுக்க இடமில்லாத பொருள்களில் இந்தக் கருவியே வேண்டாம். குறிப்பாக, பிளைவுட்டின் மேல் ஒட்டியுள்ள மெல்லிய மர அடுக்கான வெனீர் பல சமயம் 1 மி.மீ. கூட இருக்காது, பெல்ட் சாண்டரை வைத்த இரண்டாவது நொடியில் அடியிலுள்ள அடுக்கு வெளிப்பட்டுவிடும்.

இப்போது இரண்டாவது கணம், பட்டை மரத்தைத் தொடுவது. முதலில் பலகை முழுவதும் பென்சிலால் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே தேய்ந்தது, எங்கே தேயவில்லை என்று அவை காட்டிக்கொடுக்கும். இரண்டு கைகளாலும் பிடித்து, கருவியை மரத்துக்கு மேலே தூக்கிய நிலையில் சுவிட்சை அழுத்துங்கள். பட்டை முழு வேகம் எடுத்த பிறகு, விமானம் ஓடுபாதையைத் தொடுவதுபோல, முன்னோக்கி நகர்ந்துகொண்டே இறக்குங்கள். பின்பகுதி முதலில் மெல்லத் தொட, அடுத்த நொடியில் முழு அடித்தகடும் சமமாக அமர வேண்டும். நின்ற இடத்தில் இறக்கினால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். அதைச் சரிசெய்யப் பலகை முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்த்தாக வேண்டும்.

தொட்ட பிறகு நிற்காமல் நகருங்கள். மர ரேகையின் போக்கிலேயே முன்னும் பின்னுமாக ஓட்டி, ஒவ்வொரு தடமும் முந்தைய தடத்தின் பாதி அகலத்தை மூடும்படி செல்லுங்கள். நிறைய மரத்தை அகற்ற வேண்டியிருந்தால், முதல் கரடுமுரடான பட்டையோடு ரேகைக்குச் சாய்வாக ஓட்டலாம்; ஆனால் அதன் பிறகு வரும் எல்லாப் பட்டைகளும் ரேகையின் போக்கிலேயே ஓட வேண்டும். அழுத்தம் கொடுக்க வேண்டாம். கருவியின் எடையே அதற்குத் தேவையான அழுத்தம். கையின் வேலை வழிநடத்துவதும், முன்னோக்கிப் பாயாமல் நிறுத்திப் பிடிப்பதும் மட்டுமே. மேலிருந்து அழுத்தினால் மோட்டார் திணறும், பட்டை சூடாகும், மரத்தின் பிசின் உருகித் துகள்களுக்கு இடையே படிந்து பட்டையை மழுங்கச் செய்யும். வெட்டாத பட்டை என்றால் மாற்ற வேண்டியதுதான்; அழுத்தி வெட்ட வைக்க முயல்வது மோட்டாரைத்தான் தேய்க்கும்.

[காட்சி: பலகையின் ஓரத்தில் சாண்டர் சாய்வதை மெதுவான வேகத்தில் காட்டுதல். பிறகு அதே ஓரத்தில் ஒட்டுச் சட்டம் பொருத்தப்படுகிறது.]

ஓரங்கள் தனிக் கவனம் கேட்பவை. சாண்டரின் பாதிக்கு மேல் பலகையைத் தாண்டிப் போனால் எடை வெளிப்பக்கம் விழுந்து, அடித்தகடு சாய்ந்து, ஓரம் உருண்டுவிடும். அடித்தகட்டின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே போகாமல் திரும்பிவிடுங்கள். துல்லியமாக வர வேண்டிய வேலையில், பலகையோடு ஒரே தடிமனுள்ள கழிவுச் சட்டங்களை ஓரங்களில் இணைத்துக்கொண்டால் கருவி சாய இடமே இருக்காது. கதவின் குறுகிய பக்கத்தைத் தேய்க்கும்போது இது இன்னும் அவசியம்.

மூன்றாவது கணம், எடுப்பது. நகர்ந்துகொண்டிருக்கும்போதே கருவியை மரத்திலிருந்து தூக்குங்கள். தூக்கிய பிறகே சுவிட்சை விடுங்கள். சுவிட்சை விட்டவுடன் பட்டை நிற்பதில்லை, சில நொடிகள் தன் வேகத்திலேயே ஓடும். அது முழுவதும் நிற்கும்வரை இரண்டு கைகளிலும் பிடித்திருந்து, பிறகு பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஓடும் பட்டையோடு மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியவரின் கால்மேல் கருவி வந்து விழுவது இப்படித்தான். சிறு துண்டுகளைத் தேய்ப்பதற்காகக் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பயன்படுத்துவதாக இருந்தால், அந்த மாடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் தாங்கியில் பொருத்தி மட்டுமே செய்யுங்கள். தொடைகளுக்கிடையே இடுக்கிக்கொண்டு செய்வது மிக ஆபத்தானது.

[காட்சி: பிளக் கழற்றப்படுகிறது. நெம்புகோல் இழுக்கப்பட்டுப் பழைய பட்டை வெளியே வருகிறது.]

இனிப் பட்டை மாற்றுவதும் பராமரிப்பும். எதற்கும் முன்னால் பிளக் வெளியே வந்தாக வேண்டும். பேட்டரியில் ஓடும் கருவியானால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். நெம்புகோலை இழுத்தால் முன் உருளை உள்வாங்கிப் பட்டை தளரும். புதிய பட்டையின் உட்பக்கத்தில் அம்புக்குறி இருந்தால், அது கருவியின்மேல் உள்ள அம்புக்குறியின் திசையிலேயே இருக்கும்படி மாட்டுங்கள். ஒரு முனை மறு முனையின்மேல் ஏறி ஒட்டப்பட்ட பட்டைகளைத் தலைகீழாக மாட்டினால், இணைப்பு மரத்தில் மாட்டி உரிந்து அறுந்துவிடும். அம்புக்குறி இல்லாத, முனைகளை நேருக்கு நேர் சேர்த்து நாடா ஒட்டிய பட்டைகளை எந்தத் திசையிலும் போடலாம்.

நெம்புகோலை மூடியதும், கருவியை உடலிலிருந்து விலக்கித் தூக்கிப் பிடித்து, சுவிட்சை ஒரு நொடி மட்டும் தட்டிப் பாருங்கள். பட்டை வெளிப்பக்கம் நகர்ந்தால் கழன்று பறக்கும். உட்பக்கம் நகர்ந்தால் கருவியின் உடலையே அறுக்கத் தொடங்கும். பக்கத்தில் உள்ள குமிழ் முன் உருளையைச் சற்றே சாய்த்துப் பட்டையை இடம் மாற்றுகிறது. எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் நகரும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், கால் சுற்று மட்டும் திருப்பி, பட்டை எங்கே போகிறது என்று பார்த்து, அதன் ஓரம் அடித்தகட்டின் ஓரத்தோடு ஒன்றும்வரை சரிசெய்யுங்கள். வேலையின்போதும் அவ்வப்போது இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் பட்டை சூடானதும் சற்று நீளும்.

பட்டை மழுங்கியதாகத் தோன்றினால் உடனே எறிந்துவிட வேண்டாம். பல நேரங்களில் துகள்கள் கூராகவே இருக்கும், இடைவெளியில் பிசின் மட்டும் அடைந்திருக்கும். இதற்கென்று விற்கும் இயற்கை ரப்பர் கட்டையை மேசையில் இறுக்கி, அதன்மேல் சாண்டரைச் சில நொடிகள் ஓட்டினால் அடைப்பு வெளியேறும். ஓரத்தில் கிழிசலோ இணைப்பில் பிரிவோ தெரியும் பட்டையை மட்டும் ஒருபோதும் ஓட்ட வேண்டாம்.

கருவியின் காற்றுத் துளைகளில் அடையும் தூள் மோட்டாரைச் சூடாக்கிக் கெடுக்கிறது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் மென்தூரிகையாலோ, கண்ணாடியும் முகக்கவசமும் அணிந்துகொண்டு குறைந்த அழுத்தக் காற்றாலோ வெளியேற்றுங்கள். அடித்தகட்டின்மேல் உராய்வைக் குறைக்கும் கிராஃபைட் தாள் இருந்தால், அதில் துளையோ வரியோ விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த கிராஃபைட் பட்டைக்கும் தகட்டுக்கும் இடையே உராய்வைக் கூட்டி, மரத்தில் காரணமே தெரியாத கோடுகளை விழச்செய்யும். பின் உருளையின் ரப்பர் வழவழப்பானாலோ வெடித்தாலோ, மோட்டார் ஓடினாலும் பட்டை நழுவும். மோட்டாரின் சத்தம் சரியாக இருந்தும் உருளையே சுழலவில்லை என்றால், பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் பல்லுள்ள சிறு பெல்ட் அறுந்திருக்கலாம். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் சிறு கட்டைகளான கார்பன் பிரஷ்கள் கையேட்டில் குறித்த அளவுக்குத் தேய்ந்ததும், ஒன்று நன்றாகத் தெரிந்தாலும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மோட்டாருக்குள் வழக்கத்தைவிட அதிகமாகத் தீப்பொறி தெரிவதும், விட்டுவிட்டு ஓடுவதும் அவை தேய்ந்ததற்கான அறிகுறிகள்.

[காட்சி: சுவரில் பெரிய மர உருளைமேல் தொங்கும் பட்டைகள். கீழே, கத்தியால் துண்டாக்கப்படும் பழைய பட்டை.]

பட்டைகளை ஆணியில் மாட்டாதீர்கள். தொங்கும் இடத்தில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பிலேயே பிறகு அறும். கை அகலத்துக்குக் குறையாத பருமன் உள்ள உருளையில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். இணைப்பு நாடாவின் பசை ஈரத்திலும் வயதிலும் வலுவிழப்பதால், வருடக்கணக்கில் கிடந்த பட்டையை மாட்டும் முன் இணைப்பைக் கையால் இழுத்து வளைத்துப் பாருங்கள். கருவியை நெடுநாள் எடுத்து வைப்பதாக இருந்தால் நெம்புகோலைத் தளர்த்திச் சுருள்வில்லுக்கு ஓய்வு கொடுக்கலாம். கிழிந்து ஒதுக்கிய பட்டையை உடனே துண்டுகளாக வெட்டி, கையால் தேய்க்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது தெரியாமல் அதை எடுத்துக் கருவியில் மாட்டுவதற்கு அதன்பின் வழியிருக்காது.