மாதம் 600 டாலர் சம்பளம், கையில் ஒரு செனட்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

துணை ஆளுநர் என்றால் நம்மில் பலருக்குப் புதுச்சேரிதான் நினைவுக்கு வரும். அங்கே இருப்பவர் குடியரசுத் தலைவர் நியமிப்பவர். நான் பேச வந்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துத் துணை ஆளுநரைப் பற்றி. அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் ஆளுநரோடு ஜோடியாக இல்லை, தனியாக. அதனால் இருவரும் வேறு வேறு கட்சியாகக்கூட அமைந்துவிடுவது உண்டு. ஜார்ஜ் புஷ் 1995இல் குடியரசுக் கட்சி ஆளுநராகப் பதவியேற்றபோது, துணை ஆளுநர் பாப் புல்லக் ஜனநாயகக் கட்சிக்காரர்.

சம்பளம் மாதம் 600 டாலர். மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டின் உறுப்பினர்களுக்கும் அதேதான். ஆனாலும் இந்தப் பதவிக்காகக் கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்டியிடுகிறார்கள். ஏன் என்பதற்குத்தான் வருகிறேன்.

மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ஓரிகன், வயோமிங் போன்ற சில மாநிலங்களில் இப்படி ஒரு பதவியே கிடையாது. இருக்கும் பல மாநிலங்களில், ஆளுநருக்கு ஏதாவது ஆனால் அந்த நாற்காலியில் உட்காரத் தயாராக இருப்பதுதான் முக்கிய வேலை. டெக்சாஸிலும் 1845 அரசியல் சட்டத்தில் பதவி பிறந்தபோது ஏறக்குறைய அப்படித்தான். முதல் துணை ஆளுநர் ஆல்பர்ட் ஹார்ட்டன். ஆளுநர் ஹெண்டர்சன் மெக்சிகோ போருக்குப் படை நடத்திக் கிளம்பிவிட, மாநிலத்தை ஹார்ட்டன் பார்த்துக்கொண்டார். 1917இல் ஆளுநர் ஃபெர்குசன் மீது பதவிநீக்க விசாரணை நடந்து பதவி பறிபோனது. துணை ஆளுநர் வில்லியம் ஹாபி ஆளுநரானார். 1949இல் ஆளுநர் ஜெஸ்டர் ரயில் பயணத்திலேயே இறந்துபோக, ஆலன் ஷிவர்ஸுக்கு வாய்ப்பு வந்தது. 2000இல் புஷ் வெள்ளை மாளிகைக்குத் தேர்வானதும் ரிக் பெர்ரி.

சரி, இது காத்திருப்போர் பட்டியல் கதை. உண்மையான அதிகாரம் செனட்டுக்குள் இருக்கிறது. அங்கே 31 உறுப்பினர்கள். தலைமை தாங்குபவர் துணை ஆளுநர். எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், குழுவுக்கு யார் தலைவர், அவையில் யாருக்குப் பேச வாய்ப்பு என எல்லாம் அவர் கையில். வேடிக்கை என்னவென்றால், இதில் பெரும்பகுதி அரசியல் சட்டத்தில் இல்லை. செனட் தானே வகுத்துக்கொண்ட விதிகளில் இருக்கிறது. கொடுத்தவர்களே பிடுங்கிக்கொள்ளலாம். பிடுங்கத்தான் மாட்டார்கள், குழுத் தலைவர் பதவி யார் தயவில் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியுமே!

அந்த விதிகளில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மசோதாக்களை, குழுக்களிலிருந்து வந்த வரிசைப்படிதான் எடுக்க வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கியதும், மாவட்டப் பூங்காக்களை அழகுபடுத்துவது மாதிரி யாருக்கும் அக்கறையில்லாத ஒரு மசோதாவை முதல் இடத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அதை யாரும் எடுக்கவே மாட்டார்கள். அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு மசோதாவும் வரிசை தாண்டித்தான் வர வேண்டும். வரிசையைத் தாண்ட, 2015 வரை, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அதாவது 31 பேரும் இருந்தால் 21 ஓட்டு வேண்டியிருந்தது. 11 பேர் சேர்ந்தால் எதையும் நிறுத்த முடிந்தது. சிறுபான்மைக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்த அவையிலும் இருந்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1979இல் துணை ஆளுநர் பில் ஹாபி, நான் முன்னே சொன்ன வில்லியம் ஹாபியின் மகன், அதிபர் வேட்பாளர் தேர்வுத் தேர்தல் பற்றிய ஒரு மசோதாவுக்காக இந்த வழக்கத்தை ஓரங்கட்டப் பார்த்தார். 12 செனட்டர்கள் தலைமறைவாகிவிட்டார்கள். அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, அதாவது கோரம் இல்லை, அவை நடக்கவில்லை. அவர்களைப் பிடித்து வரச்சொல்லி ஹாபி போலீஸை அனுப்பினார். போலீஸ் ஒரு செனட்டரின் தம்பியை அவர்தான் என்று நினைத்து ஹெலிகாப்டரில் ஏற்றிக்கொண்டு வந்தது! தேடப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலைநகர் ஆஸ்டினிலேயே, ஒரு வீட்டுக் கார் ஷெட்டை ஒட்டிய சின்ன அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கடைசியில் ஹாபிதான் இறங்கி வந்தார், மசோதா கைவிடப்பட்டது. இத்தனைக்கும் பிறகு அவர் 1991 வரை, மொத்தம் 18 ஆண்டுகள் அதே பதவியில் இருந்தார்.

2015இல் துணை ஆளுநராக டான் பேட்ரிக் வந்தார். ஹூஸ்டனில் நிகழ்ச்சி நடத்திய ஆள். அவரும் நம்மைப் போல வானொலிக்காரர்தான். அந்த வழக்கத்தை மாற்றுவேன் என்று சொல்லியே ஜெயித்தவர். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்றானது. 21 ஓட்டு 19 ஆனது. அப்போது அவர் கட்சிக்கு 20 இடங்கள். 2021இல் கட்சியின் பலம் 18 ஆகக் குறைந்தது. ஒன்பதில் ஐந்து போதும் என்று விதியை மறுபடி திருத்தினார்கள். 31இல் ஒன்பதில் ஐந்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், 17.2 வரும், அதாவது குறைந்தது 18 ஓட்டு. விதியைத் திருத்த சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.