அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தில் ராஜபார்ட் (அரசன் வேடம்) பாடுவது எப்படி?

[திரையில்: ஆர்மோனியக் கட்டைகள், மிக அருகில்]

நள்ளிரவு தாண்டிவிட்டது. கோயில் வீதியில் சனம் பாய் விரித்துக் காத்திருக்கிறது. சுடலை காக்கும் அரிச்சந்திரன் மேடைக்கு வருகிறான். பிள்ளையின் உடலோடு நிற்கும் சந்திரமதியிடம் கால்பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கேட்கிறான். அந்தக் குரல் கடைசிப் பாய்வரைக்கும் போக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேடம் என்றாலே நடிகமணி வி. வி. வைரமுத்துவின் பெயர்தான் வரும். காங்கேசன்துறை வசந்தகான சபா நாடகக் குழுவோடு ஊர் ஊராக ஆடியவர், 1989இல் மறைந்தார். அவரைப் போலப் பாட ஆசைப்படும் பிள்ளைகள் அவருடைய உச்சக் குரலைத்தான் முதலில் பிடிக்கப் பார்க்கிறார்கள். தொண்டை கெடுவது அங்கேதான்.

முதலில் உங்கள் கட்டையை, அதாவது நீங்கள் பாடும் சுருதியின் உயரத்தை, கண்டுபிடியுங்கள். 5 கட்டைச் சுருதியில் ஓர் ஆண் மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் ‘ஸ’வை, பிடித்தால், குரல்நாண்கள் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 392 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. விடியும்வரை இது நடக்க வேண்டுமே! அதனால் காலையில் உற்சாகமாக இருக்கும்போது சுருதி பார்க்காதீர்கள். முழு ஒத்திகையும் பாடிக் களைத்த பிறகு பாருங்கள். அப்போதும் நோகாமல் நிற்கிறதா? அதுதான் உங்கள் கட்டை. அரைக் கட்டை இறக்கினால் நாடகம் ஒன்றும் குறைந்துவிடாது.

[திரையில்: விலாவில் வைத்த கை]

மூச்செடுக்கும்போது இந்தக் கை பக்கவாட்டில் விரிய வேண்டும், தோள் எழும்பக் கூடாது. பாடத் தொடங்கியதும் விலா பொத்தென்று விழாமல் மெல்ல மெல்ல இறங்கட்டும். விருத்தத்துக்குத் தாளம் இல்லை, ஆகவே மூச்சு எங்கே என்பதை நீங்களே முன்கூட்டிக் குறித்துவையுங்கள். சொல்லின் நடுவே வேண்டாம்.

சரி, ஒரு சொல்லை எடுப்போம்: முழத்துண்டு. மேல் ஸ்தாயியில் ‘மு’வை அப்படியே குவித்துப் பிடித்தால் ஒலி அடைபடும். உள்வாயைக் கொஞ்சம் திறந்து, ‘மொ’வின் பக்கம் ஒரு நூலளவு சாய்த்துப் பாருங்கள். கேட்பவருக்கு ‘மு’ என்றேதான் கேட்கும். ‘ழ’வில் நிற்காதீர்கள், தொட்டுவிட்டு அடுத்த உயிரொலியில் நீட்டுங்கள். குரல் வாத்தியங்களைத் தாண்டிக் கேட்க, 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதற்கு ஒரு மினுக்கம் வேண்டும். நமது காது கூர்மையாகக் கேட்பதும் அந்த இடத்தைத்தான். கத்தினால் அது வராது, தொண்டை தளர்ந்தால்தான் வரும். மைக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். இறுகிய தொண்டையை மைக் இன்னும் பெரிதாக்கித்தான் காட்டும்.

தண்ணீரை மாலையிலிருந்தே குடியுங்கள். விழுங்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை, உடம்பு வழியாகத்தான் அங்கே ஈரம் போய்ச் சேர வேண்டும்.

அப்புறம், அழுகை. எனக்கு இந்த வேடத்தில் மிகவும் கடினமாகத் தெரிவது இதுதான். உண்மையாகவே அழுதால் தொண்டை அடைத்து, சுருதி விலகி, சொல் மங்கிப்போகும். துக்கத்தைக் கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதில், வையுங்கள். எடுப்பை, அதாவது பாடத் தொடங்கும் இடத்தை, ஒரு நொடி தள்ளிப் போடுங்கள். சந்திரமதியின் கழுத்துத் தாலி கணவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அதைக் கண்டு அரிச்சந்திரன் அவளை அறியும் இடத்தில் பலரும் உச்சத்துக்குப் போகிறார்கள். நீங்கள் கீழ் ஸ்தாயிக்கு இறங்குங்கள். ஆர்மோனியத்தை நிறுத்தச் சொல்லி, அவள் பெயரை மட்டும், பேசுகிற குரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடுங்கள்.